எத்தனை கொழும்புகள்?

அறிவியல் புனைகதை ஒன்றில் ‘எண்ணற்ற உலகங்கள்’ என்று வந்தால் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவிடுவேன். பிழை என்பதற்காக அல்ல. எழுதியவர் யோசித்துப் போட்ட சொல்லா, கை போன போக்கில் விழுந்த சொல்லா என்று தெரிந்தாக வேண்டும். கதை திருத்துகிறவன் அது தெரியாமல் மேலே போகமுடியாது. உலகங்கள் முடிவுள்ளவையா, முடிவற்றவையா என்பதைப் பொறுத்து அந்தக் கதையில் ஒரு சாவின் பெறுமதியே மாறிவிடும்.

கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கத்து இளையவர்கள் இப்போது எழுதிக் கொண்டுவருபவற்றில் பல்லண்டக் கதைகள் நிறைய. எல்லாம் மார்வல் படங்களின் கைங்கரியம் என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். கந்தபுராண படனம் கேட்டு வளர்ந்த சனத்துக்கு இது புதுச் சங்கதியா? ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசிக்க, மற்றவர் பயன் சொல்ல, சூரபன்மன் 1008 அண்டங்களை 108 யுகம் ஆளும் வரம் பெற்றதைச் சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறோம். போரில் தன் படைகள் அழிந்தபின் மற்ற அண்டங்களிலிருந்து அவன் படை வருவித்ததையும் கேட்டிருக்கிறோம்.

என் தொழிலுக்கு முதற்பாடம் அந்த 1008தான். புராணத்தைக் கற்பனைக் கதையோடு சமன்செய்கிறேன் என்று யாரும் கோபிக்க வேண்டாம். எண் சொல்லப்படும் முறையை மட்டுமே பார்க்கிறேன். 1008 என்பது இருக்கும் அண்டங்களின் தொகை அல்ல, சூரனுக்குக் கிடைத்த ஆட்சியின் எல்லை. வரம் என்றால் அதற்கு ஓர் அளவு வேண்டும், அளவு உள்ளதால்தான் அவன் அழிவுக்கும் இடம் உண்டு. ஆகவே ஒரு கதையில் எண்ணைக் கண்டதும் நான் கேட்பது, இதை யார் சொல்கிறார், எதை அளக்கச் சொல்கிறார் என்பதைத்தான். அரசன் சொன்னால் அது அவன் இராச்சியத்தின் கணக்கு. விஞ்ஞானி சொன்னால் அவர் கருவிக்கு எட்டியவற்றின் கணக்கு. இரண்டுமே மொத்தத் தொகை ஆகாது.

மாணிக்கவாசகர் திருவண்டப்பகுதியில் இன்னொரு வழியை எடுக்கிறார். அண்டங்கள் 101 கோடிக்கும் மேற்பட விரிந்தன என்கிறார். இங்கே கீழெல்லை மட்டும் உண்டு, மேலே அடைப்பு இல்லை. இதை வைத்து முடிவுள்ளது என்றும் சொல்லமுடியாது, முடிவற்றது என்றும் சொல்லமுடியாது. அந்த அண்டங்கள் அத்தனையும் வீட்டுக்குள் நுழையும் வெயிற்கீற்றில் தெரியும் தூசுபோலச் சிறிதாகும்படி இறைவன் பெரியவன் என்பதே அங்கு பொருள். எண்ணித் தீர்ப்பது அவர் நோக்கமே அல்ல. இளம் எழுத்தாளர்கள் போடும் ‘இலட்சோப இலட்சம்’ பெரும்பாலும் இந்த வகைதான். வியப்பைக் கணக்காக எடுத்து வாசிக்கக்கூடாது.

மூன்றாவது வகை, பெயராக நிற்கும் எண். மார்வல் கொமிக்ஸில் பிரதான உலகத்துக்கு 616 என்று பெயர். அதை வைத்து மொத்த உலகங்களைக் கணக்கிடப் பார்க்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். கொழும்புத் தமிழ்ச் சங்கம் 57ஆம் ஒழுங்கையில் இருக்கிறது என்பதற்காக வெள்ளவத்தையில் 57 ஒழுங்கைகளையும் தேடிக் காலி வீதியில் நடப்போமா? விலாசம் வேறு, தொகை வேறு. தலைப்பையும் நம்பமுடியாது. டிசி நிறுவனம் 1985–86இல் 12 இதழ்களாக வெளியிட்ட தொடரின் பெயரிலேயே ‘முடிவில்லாப் பூமிகள்’ உண்டு. கதை முடிகையில் எஞ்சியது ஒரேயொரு பிரபஞ்சம். பின்னர் 2007இல் அதே நிறுவனம் 52 பிரபஞ்சங்கள் என்று அறிவித்தது.

சொல்லப்பட்ட எண் இத்தனை விதமாக ஏய்க்கும் என்றால் எதைப் பிடித்துக்கொள்வது? உலகங்கள் எப்படி உண்டாகின்றன என்ற விதியை. எழுத்தாளர் போர்ஹேஸின் ‘பாபேல் நூலகம்’ கதையில் வரும் நூலகம் எல்லையே இல்லாததுபோலத் தோன்றும். ஆனால் அங்குள்ள ஒவ்வொரு நூலும் 410 பக்கம், பக்கத்துக்கு 40 வரி, வரிக்குச் சுமார் 80 எழுத்து. மொத்தக் குறியீடுகள் 25. விதியைச் சொன்ன கணமே நூல்களின் தொகை அகப்பட்டுவிட்டது. எழுதினால் 18 இலட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள் வரும். இருந்தாலும் முடிவுள்ள எண். 1956இல் இலங்கைக்கு வந்து, 2008இல் இங்கேயே காலமாகி, பொரளை கனத்தையில் அடக்கமான ஆர்தர் சி. கிளார்க்கும் 1953இல் அப்படியொரு கதை எழுதினார். கடவுளின் பெயர்கள் ஒன்பது எழுத்துக்கு மேற்படா என்பது அதில் வரும் திபெத்தியத் துறவிகளின் விதி. அதனால்தான் ஒரு கணினி அவற்றை எழுதி முடிக்கிறது, கதைக்கும் ஒரு முடிவு வாய்க்கிறது. பெயர்கள் முடிவற்றவை என்றிருந்தால் அந்தக் கதையே இல்லை.

எங்கள் பிள்ளைகளுக்குப் பிடித்த விதி கிளை பிரிவது. ஒவ்வொரு முடிவெடுப்பிலும் உலகம் இரண்டாகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பத்துத் தடவை பிரிந்தால் 1024, சூரனின் அண்டங்களைத் தாண்டியாயிற்று. முப்பது தடவை பிரிந்தால் 107 கோடிக்கு மேல், திருவாசகத்தின் 101 கோடியும் பின்னால் போய்விட்டது. இவ்வளவு வேகமாகப் பெருகினாலும் ஓர் உலகிலிருந்து தொடங்கிப் படிப்படியாகப் பிரிவது எந்தக் கணத்திலும் எண்ணக்கூடியதே. வளர்ந்துகொண்டே இருப்பதும் முடிவற்றதாக இருப்பதும் ஒன்றல்ல.

இதைவிடப் பெரிய மயக்கம் ஒன்று உண்டு. முடிவற்றது என்றால் நடக்கக்கூடிய எல்லாமே எங்கோ நடந்திருக்கும் என்று பலர் கொள்கிறார்கள். 2, 4, 6, 8 என்று இரட்டை எண்களை எண்ணிக்கொண்டே போங்கள். முடிவே வராது, 7உம் வராது. போர்ஹேஸின் நூலகமோ முடிவுள்ளது. அந்த அளவுக்குள் எழுதக்கூடிய அத்தனை நூல்களும் அதில் உண்டு.

வெள்ளவத்தைப் பிள்ளை ஒருத்தியின் கதையில் இந்த மயக்கம் கதையின் நெஞ்சிலேயே இருந்தது. 1983 யூலைக் கலவரத்தில் காலி வீதியில் எரிந்துபோன தங்கள் புடவைக்கடை எரியாமல் நிற்கும் கொழும்பைத் தேடி ஓர் அம்மம்மா உலகம் உலகமாகப் போகிறாள். ஒவ்வொரு கொழும்பிலும் கடை இருந்த இடத்துக்குப் போய், கதவு நிலையில் கரி பிடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கிறாள். அருமையான எழுத்து. இரண்டாம் பக்கத்திலேயே ‘எண்ணற்ற கொழும்புகள்’ என்று இருந்தது.

“பிள்ளை, கடை எரியாத கொழும்பு கட்டாயம் இருக்கோ, இல்லாட்டி இருந்தாலும் இருக்குமோ?” என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தாள். “கட்டாயம் இருக்கெண்டால் அம்மம்மா இவ்வளவு பாடுபடத் தேவையில்லையே, சேர். போய்க்கொண்டே இருந்தால் காணும்.”

“அப்ப முடிவில்லாமல் இருந்து, எல்லாத்திலயும் எரிஞ்சிருந்தால்?”

“அது கொடுமை, சேர். அதை நான் எழுதமாட்டன்.”

முடிவற்றதாக வைத்தால் அவளுக்குக் கிடைத்த வழிகள் அந்த இரண்டும்தான் என்றில்லை. ஆனால் அவள் எண்ணிக்கையில் கைவைக்காமல் விதியை மாற்றிக்கொண்டு வந்தாள். அந்த நாளை நேரில் கண்டு இன்றும் உயிரோடு இருக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு கொழும்பு. அவர் கண்மூடினால் அதுவும் மூடிவிடும். இப்போது அம்மம்மாவின் தேடலுக்கு ஓர் அவசரம் வந்துவிட்டது. கொட்டாஞ்சேனையில் ஒரு முதியவர் இறந்த செய்தி கேட்டு அவள் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடுவது ஏன் என்று வாசகருக்கு விளக்கம் வேண்டியதில்லை.

திருத்திய படியில் ‘எண்ணற்ற’ இல்லை, வேறு எந்தத் தொகையும் இல்லை. முடிவுள்ளதா, முடிவற்றதா என்று யாராவது கேட்டால் முடிவுள்ளது, அதுவும் நாளுக்கு நாள் குறைந்துவருவது என்று தயங்காமல் சொல்வேன். ஒரு பல்லண்டக் கதையில் அந்தத் தீர்ப்பை வாசகர் தாமாகவே எட்டுகிறார் என்றால், திருத்துகிறவனுக்கு அதில் வேலை முடிந்தது.