கோப்பை கிடைக்காதவர்

க்ரைஃபை நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். எனக்கு அவரோடு ஆடிய ரூட் க்ரோலைத்தான் பிடிக்கும். தடுப்பாட்டக்காரர், 1949-இல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தவர்.

1971-இல் அயாக்ஸ் முதன்முதலாக ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது, கால் முறிந்திருந்ததால் இறுதியாட்டத்தில் அவர் இல்லை. அடுத்த இரண்டு ஆண்டும் களத்தில் இருந்தே வென்றார். உலகக் கோப்பைக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை. 1974 இறுதியாட்டத்தில் மேற்கு ஜெர்மனியிடம் 2-1. 1978-இல் அணித்தலைவராக நின்று அர்ஜென்டினாவிடம் 3-1. நெதர்லாந்துக்காக 83 ஆட்டங்கள் ஆடியும் அந்தக் கோப்பை கைக்கு வரவில்லை.

மனிதர் அதோடு முடங்கிவிடவில்லை. பயிற்சியாளராக எகிப்து, துனிசியா என்று போனார். 60 வயதைத் தாண்டிய பிறகு, 2010-11-இல், தென்னாப்பிரிக்காவின் ஆர்லாண்டோ பைரேட்ஸ் அணிக்கு ஒரே பருவத்தில் மூன்று கோப்பைகள் வாங்கித் தந்தார்.

பதவி உயர்வு கிடைக்காமலே ஓய்வு பெற்றவன் நான். அந்தக் குறை இன்னும் உண்டு. ஆனாலும் தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லித்தர உட்காரும்போது, க்ரோலை நினைத்துக்கொள்கிறேன்.