மிதிவண்டியில் ஓர் அமானிதம்



நாம் மிதிவண்டியில் அலுவலகம் செல்லத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் நிறைவுற்றுவிட்டன. இரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டது என்று மருத்துவர் எச்சரித்ததே இதற்குக் காரணம். திருவல்லிக்கேணியிலுள்ள நமது இல்லத்திலிருந்து பெருங்குடியிலுள்ள அலுவலகம் ஏறத்தாழ 12 கிலோமீட்டர். பெரிய பள்ளிவாசலில் ஃபஜ்ர் தொழுதுவிட்டு, சிற்றுண்டி முடித்து ஏழு மணிக்குப் புறப்பட்டால், கடற்கரைச் சாலை, சாந்தோம், அடையாறு, மத்திய கைலாஷ் வழியாக எட்டு மணிக்குள் சென்று சேர்ந்துவிடலாம். வெயில் ஏறுவதற்கு முன் கடற்காற்றில் செல்லும் அந்த ஒரு மணி நேரம் இறைவன் நமக்களித்த அருட்கொடை என்றே கருதுகிறோம்.

உடல் விரைவில் பழகிவிட்டது. பழகாதது ஒன்றே ஒன்றுதான். அது நிறுவனம் நமக்களித்திருந்த மடிக்கணினி.

மின்னேற்றியும் சேர்த்து இரண்டு கிலோவுக்குச் சற்று அதிகமாக எடையிருக்கும். கையில் தூக்கும்போது பெரிதாகத் தெரியாத அந்த எடை, முதுகில் மாட்டிக்கொண்டு மிதிக்கும்போது தோள்களை அழுத்தியது. பையும் முதுகும் ஒட்டியிருக்கும் இடத்தில் வியர்வை தேங்கிச் சட்டை நனைந்துவிடும். திடீரென்று பிரேக் பிடித்தால் பை ஒருபுறம் சாய, வண்டியும் அத்துடன் சாயப் பார்க்கும். ஆகவே ஒரு மாதத்திற்குப் பின் பையைக் கேரியரில் வைத்து ரப்பர் கயிற்றால் கட்டினோம். முதுகு விடுதலை பெற்றது. ஆனால் சாலையின் அதிர்வு முழுவதும் கணினியின்மேல் இறங்கியது. ராஜீவ் காந்தி சாலையில் மெட்ரோ இரயிலுக்காகத் தோண்டிய இடங்களில் குண்டும் குழியுமாக இருக்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் கேரியர் எழுப்பிய ஓசை நம் நெஞ்சில் விழுந்தது.

சென்ற ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒருநாள் காலை, வானம் இருண்டிருந்தது. "என்னங்க, மேகம் கறுத்திருக்கு. இன்னைக்கு ரயில்ல போங்களேன்" என்றார் துணைவியார். "அல்லாஹ் இருக்கான், பார்த்துக்குவான்" என்று கூறிவிட்டுப் புறப்பட்டோம். பையுடன் வந்த மழையுறை இருக்கிறதே என்ற துணிவும் ஒரு காரணம்.

அடையாற்றுப் பாலத்தைக் கடக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கி நின்றிருக்கலாம். ஒன்பது மணிக் கூட்டம் நினைவில் இருந்ததால் நிற்கவில்லை. தரமணியில் சாலையில் கணுக்கால் அளவு நீர். மழையுறை மேலிருந்து விழும் நீரைத் தடுத்தது உண்மைதான். ஆனால் நமது வண்டியில் பின்சக்கரத்திற்கு மட்கார்டு இல்லை. சக்கரம் வாரி இறைத்த சேற்றுநீர் முழுவதும், உறை மூடாத அடிப்பக்கம் வழியாகப் பைக்குள் புகுந்துவிட்டது.

அலுவலகம் சேர்ந்ததும் கணினியை எடுத்தோம்; ஓரங்களில் ஈரம் கசிந்தது. கைக்குட்டையால் துடைத்துவிட்டு, பதற்றத்தில் மின்பொத்தானை அழுத்தினோம். செய்யக்கூடாத செயல் அதுவே. ஒருமுறை திரை ஒளிர்ந்து அணைந்தது. அதன்பின் எழவில்லை. நீர் புகுந்த கருவியில் மின்சாரம் பாயும்போதுதான் உள்ளே குறுக்குச்சுற்று ஏற்பட்டுப் பழுதாகிறது. அணைத்தபடியே வைத்து, மின்னேற்றியில் இணைக்காமல், பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துத் திறந்து உலர்த்தச் சொல்லியிருந்தால் பிழைத்திருக்கக்கூடும் என்பதைப் பின்னர்தான் அறிந்தோம். அரிசிக்குள் புதைத்துவைக்கும் வைத்தியத்தால் பயனில்லை என்பதையும் அப்போதுதான் அறிந்தோம்.

அருகிலிருந்த நண்பர் நம்மீது இரக்கம் கொண்டு ஒரு யோசனை கூறினார். "பாய், மழைன்னு சொல்லாதீங்க. நேத்து சாயங்காலம் தானா நின்னுபோச்சுன்னு எழுதிக் கொடுங்க. உத்தரவாதக் காலம் இருக்கு, கம்பெனிக்கும் நட்டமில்ல, உங்களுக்கும் நட்டமில்ல." அவர் தீயவர் அல்லர், நமக்கு நன்மை நாடியே சொன்னார். மகளின் பள்ளிக் கட்டணம் கட்டவேண்டிய மாதம் அது. உண்மையைச் சொல்வதென்றால், சில நிமிடங்கள் நாமும் அந்த வாசகத்தை மனத்திற்குள் எழுதிப் பார்த்தோம்.

அப்போது நினைவுக்கு வந்தவர் நமது அத்தா. திண்டுக்கல் பேகம்பூரில் தையற்கடை வைத்திருந்தவர். பெருநாளுக்கு முந்திய இரவு, தைத்த துணிகளை மிதிவண்டிக் கேரியரில் வைத்து வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பார். மழை வந்தால் தம் தலைக்கு ஒன்றும் போட்டுக்கொள்ளமாட்டார். இருந்த ஒரே ரெக்சின் விரிப்பைத் துணி மூட்டைக்குச் சுற்றிவிடுவார். நனைந்து வந்து நிற்பவரிடம் அம்மா சினந்துகொண்டால், "நாம நனைஞ்சா துடைச்சுக்கலாம். அடுத்தவங்க துணி நனைஞ்சா என்ன பதில் சொல்றது?" என்பார். அமானிதம் என்ற சொல்லை அவர் விளக்கி நாம் கேட்டதில்லை. அந்த ரெக்சின் விரிப்பே விளக்கமாக இருந்தது.

மேலாளரிடம் சென்று நடந்ததை நடந்தபடி கூறினோம். பழுதுநீக்க 18,000 ரூபாய் ஆயிற்று. நீரால் ஏற்பட்ட பழுது உத்தரவாதத்திற்குள் வராது. பாதித் தொகையை மூன்று மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். பணத்தைவிட வேறொன்று நம்மை வருத்தியது. இரண்டு நாள் வேலையை நாம் நிறுவனத்தின் பொதுச் சேமிப்பகத்தில் பதிவேற்றாமல் கணினியிலேயே வைத்திருந்தோம். அதை மறுபடி செய்வதற்காக நமது குழுவிலிருந்த இளைஞர் ஒருவர் இரவு பத்து மணிவரை நம்மோடு அமரவேண்டியதாயிற்று. அவர் நேரம் நாம் வீணாக்கிய அவருடைய உரிமை. அவரிடம் மன்னிப்புக் கேட்டபோதுதான் மனம் சற்று இலேசானது.

"அல்லாஹ் பார்த்துக்குவான்" என்று காலையில் நாம் சொன்னது தவக்குல் அன்று, அலட்சியமே என்பதும் விளங்கிற்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனைச் சார்ந்திருப்பதா, கட்டாமலே சார்ந்திருப்பதா என்று கேட்டவருக்கு, முதலில் கட்டு என்று வழிகாட்டினார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். சிறு வயதிலிருந்து கேட்ட செய்திதான். நம் ஒட்டகம் கேரியரில் அமர்ந்திருப்பதை நாம் உணரவில்லை.

இப்போது கட்டக் கற்றுக்கொண்டோம். இருசக்கரங்களுக்கும் மட்கார்டு பொருத்தினோம். கேரியரின் பக்கவாட்டில் கொக்கியிட்டுத் தொங்கவிடும், வாயைச் சுருட்டி மூடக்கூடிய நீர்புகாப் பை ஒன்று வாங்கினோம். எடை தாழ்ந்து நிற்பதால் வண்டி தள்ளாடுவதில்லை. கணினியைப் பஞ்சு வைத்த உறையிலிட்டு, பையின் அடியில் மடித்த துண்டொன்றை மெத்தையாக வைக்கிறோம். சோற்றுப் பாத்திரமும் தண்ணீர்ப் போத்தலும் மறுபக்கப் பையில். குழம்பும் கணினியும் ஒரே பையில் பயணம் செய்யலாகாது. புறப்படுமுன் கணினியை உறக்க நிலையில் விடாமல் முழுவதும் அணைத்துவிடுகிறோம். மூடிய பைக்குள் அது விழித்துக்கொண்டால் சூடேறும். சுழலும் வட்டு கொண்ட பழைய கணினியாயின் இது இன்னும் அவசியம். ஓடும் வட்டுக்கும் அதைப் படிக்கும் முனைக்கும் இடையே தலைமுடியின் தடிமனைவிடப் பன்மடங்கு குறைந்த இடைவெளியே உண்டு. ஓர் அதிர்ச்சி போதும். வட்டில்லாத புதிய சேமிப்பகங்கள் அதிர்வைத் தாங்கும், நீரைத் தாங்கா. வேலையை ஒவ்வொரு மாலையும் பதிவேற்றாமல் எழுவதில்லை.

ஜும்ஆ நாளில் வேறொரு பாடம். பையை வண்டியில் விட்டுச் செல்லவும் முடியாது. பள்ளிக்குள் ஸஃப்பில் பக்கத்தில் வைத்தால் ஒருவர் நிற்கும் இடம் அடைபடுகிறது. ஒருமுறை பெரியவர் ஒருவர் நம் பையைப் பார்த்துவிட்டுப் பின்வரிசைக்குச் சென்றதைக் கண்டு நாணினோம். அன்று முதல் வெள்ளிக்கிழமைகளில் கணினியை அலுவலகப் பெட்டகத்தில் பூட்டிவிட்டே தொழுகைக்குச் செல்கிறோம்.

அந்தப் பழக்கம் இன்னொரு கேள்வியைக் கொண்டுவந்தது. ஒருநாள் இரவு பையிலிருந்து கணினியை எடுத்தபோது துணைவியார் கேட்டார்: "இன்னைக்கு இதுல வேலை இருக்கா, இல்ல சும்மா வந்துட்டுப் போகுதா?" எண்ணிப் பார்த்தோம். வாரத்தில் ஐந்து நாளும் சுமந்து வந்ததில், வீட்டில் உண்மையாகத் தேவைப்பட்டது ஒருநாள் அல்லது இருநாள்தான். மற்ற நாள்களில் அது வெறுமனே மேசைமேல் அமர்ந்திருந்தது. மஃக்ரிபுக்குப் பின் மகள் ஓதிக்காட்ட வந்தமரும்போதும் நம் கண் அதன்மேலேயே இருந்தது. அவளுக்குரிய நேரமும் அமானிதமல்லவா?

இப்போது தேவையுள்ள நாளில் மட்டும் கொண்டுவருகிறோம். மற்ற நாள்களில் பெட்டகத்தில் பூட்டிவிட்டு வெறும் பையோடு திரும்புகிறோம். வழியில் மகளுக்குப் பிடித்த கொய்யாப்பழம் வாங்கி அந்தப் பையில் போட இடமிருக்கிறது.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவை சிறிதாயினும் பெரிதாயினும், அவற்றைப் பேணி உரியவரிடம் சேர்ப்பிக்கும் நல்வாய்ப்பை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.