நிழலுக்கும் ஒரு வெள்ளாமை உண்டு

எங்க வீட்டை ஒட்டின ஆறு சென்ட் மனையில, தெருவோரமா ரெண்டு மாமரம் நிக்குது. தாத்தா வச்சது. காய்ப்பு குறைஞ்சு போச்சு. மூணு வருசம் முன்னாடி ஒரு மர வியாபாரி வந்து ரெண்டுக்கும் சேத்து 18,000 ரூபாய் தர்றேன்னார். "குடுத்துடலாம்பா, நிழல்ல எதுவும் விளையாது, இடம் சும்மாதானே கிடக்குது"ன்னு பையன் சொன்னான். அவன் சொன்னதுலயும் நியாயம் இருந்துச்சு. அந்த வருசம் கையில காசு இல்ல.

ஆனா எங்க தெருவுல பாதிப்பேர் தறிக்காரங்க. பட்டுப்பாவை விடியக்காலையில தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அறுந்த இழையை முடிவாங்க. வெயில் ஏறிட்டா இழை காஞ்சு அறுகும். மரநிழல் இருந்தா இன்னும் கொஞ்ச நேரம் வேலை ஓடும். வெட்டினா அவங்க எங்க போவாங்க? காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயில்ல தல விருட்சமே மாமரம்தான். ஏகாம்பரம்னாலே ஒத்த மாமரம்னு அர்த்தம் சொல்லுவாங்க.

அதனால மரத்தை விட்டுட்டு, நிழலுக்கு ஏத்த பயிரைத் தேடினேன். மரத்துக்கு அடியில ஒட்டி எதுவும் வைக்கல. அங்க வேர் தண்ணியை இழுத்துக்கும். நாலஞ்சு அடி தள்ளி, தொழு உரம் போட்டு, வைகாசியில மஞ்சளும் கருணைக்கிழங்கும் நட்டேன். உதிர்ந்த மாவிலையே மூடாக்கு. ஈரம் நிக்கிற வாய்க்கா ஓரம் வல்லாரை. முழு வெயில்ல வர்ற மகசூல் வராது, அதைச் சொல்லிடணும். ஆனா தண்ணிச் செலவு குறைவு, கோடையில இலை கருகல. போன பொங்கலுக்கு மஞ்சள் கொத்து மட்டும் 3,000 ரூபாய்க்குப் போச்சு. கிழங்கு தனி. மரத்தை வித்தா காசு ஒரு தடவைதான். இது வருசா வருசம் வரும். இப்ப களை எடுக்க பையனே முதல்ல இறங்குறான்.

வெத்தலைக் கொடிக்கால்ல இது பழைய சங்கதி. அகத்தியை முதல்ல வளத்து, அதுமேல கொடியை ஏத்துவாங்க. கொம்பும் அதுதான், நிழலும் அதுதான்.

சென்னையில அடுக்குமாடியில இருக்கிற என் தங்கச்சி மக, சாக்சிஃப்ரேஜ்னு ஒரு செடிப் படம் அனுப்பி, "மாமா, இது நிழல்ல வளருமாமே, வைக்கலாமா?"ன்னு கேட்டா. லத்தீன்ல கல்லை உடைக்கிறதுன்னு அந்தப் பேருக்குப் பொருள். குளிர்மலைப் பாறையிடுக்குல வளர்ற கூட்டம் அது. நம்ம ஊர் சூட்டுல நிக்கிறது கஷ்டம்.

வெயில் விழாத பால்கனி இருக்கிறவங்களுக்கு ஒரு சோதனை சொல்றேன். மதியம் விளக்கு போடாம அங்க பேப்பர் படிக்க முடியுதா? முடிஞ்சா வெத்தலை, வல்லாரை, கற்பூரவள்ளி மூணும் தாராளமா வைக்கலாம். வல்லாரைக்கு மண் காயவே கூடாது. வெத்தலைக்கு ஈரம் வேணும், தண்ணி தேங்கக்கூடாது. கற்பூரவள்ளிக்கு மேல்மண் காஞ்ச பிறகு ஊத்தினாப் போதும், இல்லன்னா தண்டு அழுகும். அதை ஒரு ஒடிச்ச குச்சியில இருந்தே வளத்துடலாம், காசு குடுத்து வாங்காதீங்க.