வீடியோவில் வைத்தியம்: எதற்குச் சரி, எதற்குச் சரியில்லை?

அம்மாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு. வழக்கமான மருத்துவரை இப்போது பெரும்பாலும் வீடியோவில்தான் பார்க்கிறோம். ரத்தப் பரிசோதனை முடிவை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ சொல்லிவிடுகிறார். முழங்கால் வலியோடு பஸ் ஏறி, டோக்கன் வாங்கி, அரை நாள் காத்திருக்கும் பாடு அம்மாவுக்கு இல்லை.

2020 மார்ச்சில் தொலைமருத்துவத்துக்கு நாடு முழுவதற்குமான வழிகாட்டு நெறிமுறைகள் வந்தன. அரசின் இ-சஞ்சீவனி என்ற தொலைமருத்துவச் சேவையில் கட்டணமில்லாமல் மருத்துவரிடம் பேசலாம். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கும் மலைக்கிராம மக்களுக்கும் இது பெரிய உதவி.

ஆனால், வயிற்றை அமுக்கிப் பார்க்கக் கேமராவால் முடியாது. சர்க்கரை நோயாளியின் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருப்பதைத் தொட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். காது மந்தமான, ஸ்மார்ட்போன் பழகாத பெரியவர்கள் தனியாக இருந்தால், வீடியோ அழைப்பை எடுப்பதே சிரமம்.

அதனால் எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு. தொடர் சிகிச்சைக்கு வீடியோ. ஆண்டுதோறும் கண், பாதம், சிறுநீரகப் பரிசோதனைக்கு நேரில். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீரென வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் வலுவிழத்தல் என்றால் எந்த ஆப்பையும் திறக்காமல் உடனே 108 ஆம்புலன்ஸ்.

வயதான பெற்றோர் உள்ளவர்கள் இதை இன்றைக்கே வீட்டில் பேசி முடிவு செய்துவிடுங்கள்.