வரைபடத்தின் இடது ஓரம்

பேஸ் கிடார் வாசிக்கிறேன் என்று சொன்னால் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு சின்ன யோசனை வந்து போகும். "கிடார்தானே?" என்பார்கள். இல்லை, நாலு கம்பி, தடிமனான கம்பி, கீழே ஒலிக்கும். "ஓ, அந்த டும் டும்மா?" ஆமாம், அந்த டும் டும்தான். 11 வருஷமாக பேக்எண்ட் வேலை பார்க்கிறவளுக்கு இது பழகிப்போன விஷயம். ஆப்பைத் திறந்து பார்ப்பவர்கள் பட்டன் அழகாக இருக்கிறது என்பார்கள். சர்வர் என்று ஒன்று இருப்பது அது படுத்த அன்றைக்குத்தான் தெரியவரும்.

பேஸ் என்ன செய்கிறது என்பதை வாயால் விளக்குவது கஷ்டம், எடுத்துவிட்டுக் காட்டினால் சுலபம். நண்பர்களுக்கு அப்படித்தான் காட்டுவேன். தெரிந்த பாட்டு ஒன்றைப் போட்டு ஈக்வலைசரில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே முழுக்க இறக்கிவிடுவேன். பாட்டு அப்படியே இருக்கும். குரல், வயலின், தாளம் எதுவும் எங்கேயும் போகவில்லை. ஆனால் பாடுகிறவர் தரையில் நிற்காமல் அந்தரத்தில் தொங்குவது மாதிரி இருக்கும். திரும்ப ஏற்றிவிட்டால் எல்லோரும் "ஆங்" என்பார்கள். அந்த "ஆங்"தான் பேஸ்.

பிடித்த பேஸ்லைன்கள் எவை என்று கேட்டால் என் பட்டியல் மாசத்துக்கு ஒருமுறை மாறும். பால் மெக்கார்ட்னி சில மாசம் இருப்பார், சில மாசம் இருக்க மாட்டார். ஜேம்ஸ் ஜேமர்சன் மட்டும் அசைவதே இல்லை. டெட்ராய்ட் நகரில் மோட்டவுன் கம்பெனியின் ஸ்டுடியோ ஒரு சாதாரண வீட்டுக்குள் இருந்தது. 1960களில் அங்கிருந்து வந்த ஹிட்களில் பெரும்பகுதிக்கு அடியில் ஓடுவது இவர் விரல். விரல் என்று ஒருமையில் சொல்வது தெரிந்தேதான். வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றை வைத்தே அவ்வளவும் வாசித்தார். அவருடையது 1962-ஆம் வருஷத்து ஃபெண்டர் பிரெசிஷன் பேஸ். கம்பி அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். பிரிட்ஜ் பக்கம் கம்பிக்கு அடியில் ஒரு ஸ்பான்ஞ்சுத் துண்டைச் செருகி ஓசையின் வாலைக் கத்தரித்து வைத்திருப்பார். புதுக் கம்பியின் பளபளப்பு எதுவும் வேண்டாம் என்ற மனுஷன்.

ஸ்டீவி வொண்டர் பாடி 1968-ல் வந்த 'ஃபார் ஒன்ஸ் இன் மை லைஃப்' பாட்டை நல்ல ஹெட்ஃபோனில் குரலை மறந்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள். பாட்டு முடிகிறவரை அந்த ஒற்றை விரல் நின்று மூச்சு வாங்குவதில்லை. வாசித்த ஒரு வரி மாதிரி இன்னொரு வரி கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஆனாலும் பாடுகிறவர் காலை ஒரு இடத்திலும் அது மிதிப்பதில்லை. நான் ஆறு மாசம் உட்கார்ந்து அதைக் கற்றுக்கொண்டேன். ஸ்வரங்கள் எல்லாம் வந்துவிட்டன. அந்த நடைதான் இன்னும் வந்தபாடில்லை.

மோட்டவுன் ஆல்பங்களில் வாசித்தவர்களின் பெயரை அச்சிடும் வழக்கம் இல்லை. மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தில்தான், 1971-ல், முதல்முறையாகப் போட்டார்கள். அதற்குள் உலகமே அவர் வாசிப்புக்கு ஆடி முடித்திருந்தது. 1983-ல் இறந்துபோனார். அதற்குச் சில நாள் முன்னால் அவருடைய பேஸ் திருட்டுப் போனது. இன்றைக்கு வரை கிடைக்கவில்லை.

நம் ஊர்க் கதையும் ரொம்ப வேறு இல்லை. இளையராஜா பேஸ் உட்பட ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாக நொட்டேஷன் எழுதிக் கொடுப்பவர். அதனால் அந்தப் பாடல்களில் பேஸ் என்பது அடியில் போட்ட ஜல்லி கிடையாது, இரண்டாவது மெட்டு. அதைப் பல வருஷம் வாசித்த சசிதரனின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? 1988-ல் வந்த 'சொல்லத் துடிக்குது மனசு' படத்தின் 'பூவே செம்பூவே' என் பட்டியலில் ஜேமர்சனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. யேசுதாஸ் குரல் நீட்டி நிற்கிற இடத்தில் பேஸ் நகரும். அவர் அசைகிறபோது இது கொஞ்சம் ஒதுங்கி வழிவிடும். பேச்சுத் துணைக்கு ஒருத்தர் கூடவே நடந்து வருகிற மாதிரி. படத்தை நான் பார்த்ததில்லை. பார்க்கும் உத்தேசமும் இல்லை, எனக்குள் ஓடுகிற படம் போதும்.

எங்கள் வீட்டில் இந்தப் பாட்டு அப்பாவுடையது. எங்களுக்கு சோமனூர்ப் பக்கம் தறிக்குடோன் இருந்தது. எட்டு விசைத்தறி, கூலிக்கு நெசவு. ஷெட்டுக்குள் பாட்டுக் கேட்க வழியே இல்லை. தறி ஒவ்வொன்றும் நிமிஷத்துக்கு 120 தடவைக்கு மேல் நாடாவை அடிக்கும். எட்டும் ஒன்றோடு ஒன்று சேராமல் அடிக்கும். 90 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டுகிற சத்தம். உள்ளே எல்லோரும் வாயசைவிலும் கைச்சாடையிலும்தான் பேசிக்கொள்வார்கள். அப்பா ராத்திரி ஷிப்டு முடித்து வந்து திண்ணையில் படுத்தபடி டிரான்சிஸ்டரை வயிற்றின் மேல் வைத்துக்கொள்வார். பேஸ் என்ற வார்த்தை அவருக்குத் தெரியாது. "அடியில ஓடுது பாரு அம்மிணி, அதக் கேளு" என்பார். நான் முதலில் கேட்ட பேஸ் பாடம் அதுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பேஸின் அடிக்கம்பியைச் சும்மா மீட்டினால் 41 ஹெர்ட்ஸ். உள்ளங்கை அளவு ஸ்பீக்கர் உள்ள டிரான்சிஸ்டரால் அதை எழுப்பவே முடியாது. அதன் மடங்குகளான 82, 123, 164 என்று மேலே இருப்பவற்றில் கொஞ்சம்தான் வெளியே வரும். அந்த மடங்குகளைக் கேட்ட மூளை, "அப்படியானால் கீழே 41 இருந்தாக வேண்டும்" என்று கணக்குப் போட்டு, இல்லாத ஸ்வரத்தைத் தானாகவே கேட்டுக்கொள்ளும். அப்பா வயிற்றின் மேல் இருந்த ரேடியோவில் அடியில் ஓடியதன் பாதி அவர் தலைக்குள் ஓடியது. கல்லூரியில் சிக்னல் பிராசஸிங் வகுப்பில் இதைப் படித்தபோது எனக்குப் பரீட்சை ஞாபகம் வரவில்லை, திண்ணைதான் ஞாபகம் வந்தது.

அப்பாவுக்குக் காது போய்க்கொண்டிருப்பது எங்களுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. 30 வருஷம் வாயசைவைப் படித்தே பழகியவர் என்பதால் முகத்தைப் பார்த்துப் பேசினால் சரியாகப் பதில் சொல்லிவிடுவார். ஃபோனில்தான் மாட்டிக்கொண்டார். கோயம்புத்தூரில் ஒரு ஈ.என்.டி. டாக்டரிடம் பரிசோதனை செய்தோம். ஆடியோகிராம் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். இடமிருந்து வலமாக அதிர்வெண், மேலிருந்து கீழாகக் கேட்கும் திறன். அப்பாவின் கோடு 1000 வரை ஓரளவு சமதரையில் வந்து, 2000-ல் சரிந்து, 4000-ல் கிணற்றுக்குள் விழுந்திருந்தது. இரைச்சலில் வேலை செய்தவர்களுக்கு முதலில் அடிபடுவது அந்த 4000 பக்கம்தான். ச, த, ப மாதிரி மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டுகிற நுணுக்கங்கள் மேல் பக்கத்தில் இருக்கின்றன. உயிரெழுத்துகளின் பலம் கீழே. அதனால் அவருக்கு மனுஷர்கள் பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார்கள் என்பது கேட்காது.

காதுக் கருவி வாங்கினோம். பேச்சுக்கு உதவியது. பாட்டுக்கு? "தகரத்துல பாடற மாதிரி இருக்குது" என்று கழற்றி டப்பாவில் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு பாட்டுக் கேட்பதையே விட்டுவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை, கோபிக்கவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

அந்தத் தாளை ரொம்ப நாள் லேப்டாப் பையிலேயே வைத்திருந்தேன். ஒருநாள் ஆபீஸ் பஸ்ஸில் எடுத்துப் பார்த்தபோது இடது ஓரம் கண்ணில் பட்டது. கோடு 250 ஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது. பேச்சுக்கான பரிசோதனை என்பதால் அதற்குக் கீழே அளக்கவில்லை. என் பேஸின் நாலு கம்பிகளும் திறந்த நிலையில் 41, 55, 73, 98. நாலும் அந்த வரைபடத்துக்கு வெளியே, இடது பக்கத்தில் அச்சே இல்லாத வெள்ளைத் தாளில் இருந்தன.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பேஸை மட்டும் எடுத்துப்போனேன், ஆம்ப் எடுத்துப்போகவில்லை. ஆம்ப் இல்லாவிட்டால் பேஸ் வெறும் முணுமுணுப்பு. அதற்கு ஒரு பழைய தந்திரம் உண்டு: பேஸின் தலையை மர பீரோவில் சாய்த்து வாசித்தால் பீரோ முழுக்கப் பாடும். அப்படி வாசித்துக்கொண்டிருந்தேன். பீரோவின் அந்தப் பக்கத்தில் முதுகைச் சாய்த்து, பேப்பர் படித்தபடி அப்பா தரையில் உட்கார்ந்திருந்தார். காதில் கருவி இல்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பேப்பரை மடித்தார்.

"யேசுதாஸ் பாட்டல்ல இது?"

ஆமாங்கப்பா என்று தலையாட்டினேன்.

"இன்னொருக்கா வாசி."

அதுவரை என் கனவு பேஸுக்கு ஒரு எக்செல் ஷீட் இருந்தது. ஐந்து கம்பி, சாய்வாக விரியும் ஃபிரெட்டுகள், அடிக்கம்பி 37 அங்குலம், மேல்கம்பி 34, எரிந்த மேப்பிள் கழுத்து, இருட்டில் ஒளிரும் புள்ளிகள். 3 லட்சத்துக்கு மேல் போகும் சமாச்சாரம். ஊரிலிருந்து திரும்பிய வாரம் புதிதாக ஒரு ஷீட் திறந்தேன்.

எலக்ட்ரிக் பேஸின் உடம்பு ஏன் கெட்டி மரம்? கம்பியின் சக்தி மரத்துக்குள் ஓடி வீணாகாமல் கம்பியிலேயே தங்கினால் ஓசை நெடுநேரம் நிற்கும் என்பதற்காக. நல்ல கெட்டி உடம்பு கஞ்சப் பிரபு, எதையும் வெளியே விடாது. எனக்கு வேண்டியது ஓட்டைக்கை. வாங்கியதை எல்லாம் உடம்பில் ஏற்றிக் கையில் கொடுத்துவிடுகிற வாத்தியம். நாதம் சீக்கிரம் அடங்கினாலும் பரவாயில்லை, ஜேமர்சன் ஸ்பான்ஞ்சு செருகி அடக்கியதுதானே.

அப்படியானால் அக்கூஸ்டிக் பேஸ் வாங்கிவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். கடையில் வாசித்துப் பார்த்தேன். 41 ஹெர்ட்ஸின் அலைநீளம் 8 மீட்டருக்கு மேல். மடியில் வைக்கிற பெட்டியால் அவ்வளவு பெரிய அலையைக் காற்றில் தள்ள முடியாது. டபுள் பேஸ் ஆள் உயரம் இருப்பது அதனால்தான். ஆனால் உள்ளங்கைக்கு இந்தக் கணக்கு இல்லை. தோலுக்கு அடியில் அதிர்வை உணர்கிற முனைகள் கிட்டத்தட்ட 40 ஹெர்ட்ஸிலிருந்தே வேலை செய்யும், 250 பக்கம் ரொம்பக் கூர்மையாக இருக்கும். காற்றுக்குத்தான் பெரிய பெட்டி வேண்டும். தொடுகிற கைக்கு மெல்லிய பலகை போதும்.

மரம் பலா என்று முடிவு செய்திருக்கிறேன். தஞ்சாவூர் வீணை செய்வது பலாவில்தான். நம்மூர் பூச்சிக்கும் ஈரத்துக்கும் தாக்குப்பிடிக்கும், குடையவும் வளையும். கழுத்து 30 அங்குலம் போதும். என் கை சின்னது, பக்கத்தில் அப்பா உட்கார்ந்தால் நீளக் கழுத்து அவரை இடிக்கும். நாலு கம்பி, ஜேமர்சன் போட்ட மாதிரி தட்டைச் சுற்றுக் கம்பி. ஃபிரெட் வேண்டுமா வேண்டாமா என்பதில் மட்டும் மனசு நிலையாக இல்லை. 1951-ல் லியோ ஃபெண்டர் தன் பேஸுக்கு பிரெசிஷன் என்று பெயர் வைத்ததே ஃபிரெட் இருந்ததால்தான், விரல் வைத்தால் ஸ்வரம் துல்லியமாக வரும் என்று. பிறகு ஜாகோ பஸ்தோரியஸ் வந்து, இருந்த ஃபிரெட்டுகளைப் பிடுங்கிப் பள்ளத்தை அடைத்து, பலகை மேல் எபாக்ஸி பூசி, பேஸைப் பாட வைத்தார். ஃபிரெட் இல்லாத கழுத்தில் ஸ்வரம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கும். யேசுதாஸ் குரலுக்கு அதுதான் பக்கம். ஆனால் ஃபிரெட்டில் கம்பி அழுந்தும்போது ஒரு சின்னத் தட்டு வருகிறதே, கைக்குத் தெரிவது அதுதானோ?

கோவைக்கு வெளியே கிடார் செய்கிற ஒருவரிடம் பேசியிருக்கிறேன். பாலக்காட்டுப் பக்கம் இடித்த பழைய வீட்டு உத்தரம் ஒன்று அவரிடம் இருக்கிறது. 1,40,000 கேட்டார். அப்பாவிடம் தொகையைச் சொன்னேன். "அந்தக் காசுக்குப் பழைய தறி ஒண்ணு வாங்கிப்போடலாமே" என்றார். தறி ஓட்டுவதை நிறுத்தி நாலு வருஷம் ஆகிறது.

போன வாரம் அவர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். பின்பலகையில் கை வைக்கிற இடத்தை மெலிதாக இழைத்து, அங்கே மட்டும் வார்னிஷ் இல்லாமல் விட வேண்டுமென்றால் எவ்வளவு அகலம்? வீட்டுக்குப் போன் செய்து, அப்பா கையை ஒரு தாளில் வைத்துப் பேனாவால் சுற்றி வரையச் சொல்லி அம்மாவிடம் கேட்டேன். சாயங்காலம் வாட்ஸ்அப்பில் படம் வந்தது. என் பழைய கிராஃப் நோட்டின் தாள். நாடா தெறித்து ஒருமுறை உடைந்த சுண்டுவிரல் மட்டும் வெளிப்பக்கம் வளைந்து, கட்டங்களைத் தாண்டித் தாளின் இடது ஓரத்துக்கு வெளியே போயிருந்தது. அப்படியே அவருக்கு ஃபார்வர்டு செய்தேன்.