சூளைக்குப் போன பிள்ளைக்கு என்ன மார்க்?

"ஐந்தாம் வகுப்பிலேயே ஃபெயில் போட்டால்தான் இதுங்க படிக்கும்" என்ற பேச்சு ஆசிரியர் அறையில் மறுபடி கேட்கிறது. பேசுகிறவர்கள் எங்கள் சக ஆசிரியர்கள்தான், கெட்டவர்களும் இல்லை.

தோழர்களே, பொங்கல் முடிந்த பிறகு எங்கள் வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். முன்பணம் வாங்கிய பெற்றோரோடு சேரிப் பிள்ளைகளும் இருளர் பிள்ளைகளும் செங்கல் சூளைக்குப் போயிருப்பார்கள். ஆண்டுத் தேர்வு ஏப்ரலில். அவர்கள் திரும்புவதோ ஜூனில். எங்களுக்கே வாய்ப்பாடு திருத்துகிற ஒரு சிறுமி, தேர்வு நாளில் அப்பா அறுத்த கல்லை எண்ணிக்கொண்டிருந்தாள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்றுதானே கூலி!

எட்டாம் வகுப்புவரை யாரையும் நிறுத்தி வைக்கக் கூடாது என்றது 2009 கல்வி உரிமைச் சட்டம். 2019 திருத்தம் 5, 8 வகுப்புகளில் அதற்கு வழி திறந்தது. தமிழ்நாட்டில் அறிவித்த பொதுத்தேர்வு, எதிர்ப்புக்குப் பின் 2020 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு தன் பள்ளிகளில் ஃபெயில் முறையைக் கொண்டுவந்துவிட்டது.

எழுத்துக்கூட்டத் தெரியாமல் எட்டாம் வகுப்புக்கு வருகிறார்களே என்கிறார்கள். வருகிறார்கள், மறுக்கவில்லை. எங்களுக்கும் அது வெட்கம்தான். ஆனால் ஒரே ஆசிரியர் மூன்று வகுப்பைச் சேர்த்து உட்காரவைத்து நடத்தும் பள்ளியில் தோற்றது யார்? நிறுத்தி வைத்த பிள்ளை தம்பியோடு ஒரே பெஞ்சில் உட்காராது. நேராகச் சூளைக்குத்தான் போகும்.

அந்தச் சிறுமி ஜூனில் வந்தாள், கையெல்லாம் வெடித்து. ஆறாம் வகுப்பில் சேர்த்தோம். அன்று சட்டம் இடம் கொடுத்தது.