எழுந்து நின்றவன்

மே மாதத்தில் மதுரையை விட்டு ஓட முடிந்தவர்கள் ஓடிவிடுவார்கள். முடியாதவர்கள் தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். இது பழைய வழக்கம். 1834ல் மதுரைக்கு வந்து சேர்ந்த அமெரிக்க மிஷனரிகள் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தங்கள் மனிதர்களைப் பறிகொடுத்து, கடைசியில் 1845ல் பழனி மலைமேல் ஏறி வீடு கட்டிக்கொண்டார்கள். இன்றைய கொடைக்கானல் பிறந்தது அப்படித்தான்.

ஆகவே, 1966 மே மாதத்தில் எங்கள் சபையில் வாலிபர் முகாம் என்று அறிவித்தபோது, நாங்கள் ஏரியையும் படகையும் கனவு கண்டதில் தவறில்லை. கோடை முகாம் என்பதே ஏரிக்கரைச் சரக்குதானே! 1885ல் அமெரிக்காவில் டட்லி என்பவர் ஏழு பையன்களை ஏரிக்கரைக்கு அழைத்துப் போய்த் தொடங்கிய முகாம் இன்று வரை நடந்துகொண்டிருக்கிறது. எனக்கு அப்போது வயது பதினைந்து. அம்மாவிடம் கெஞ்சி ஒரு கம்பளி ஸ்வெட்டர் கூட எடுத்து வைத்துக்கொண்டேன்.

டி.வி.எஸ். பஸ் எங்களை இறக்கிவிட்ட இடம் மேலூர்ச் சாலை. திரும்பிப் பார்த்தால் யானைமலை வெயிலில் படுத்துக் கிடந்தது. முன்னால், வெடித்து வறண்ட ஓர் ஊருணி. அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்பிய மறுவாரம் அது. அக்கினி நட்சத்திரம் உச்சத்தில் இருந்தது. "பத்து நாளில் இதைத் தூர் வாரப் போகிறோம், தம்பிகளா" என்றார் எங்கள் தலைவர். ஸ்வெட்டர் பெட்டிக்கு அடியில் போயிற்று.

அவரை நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுவோம். கல்லூரி ஆசிரியர். அவருக்கு இரண்டு பேர் மேல் பித்து. ஒருவர் ஸ்விட்ஜர்லாந்துக்காரரான பியேர் செரசோல். முதல் உலகப் போரில் பாழான பிரெஞ்சுக் கிராமம் ஒன்றை மறுபடி கட்ட 1920ல், ஜெர்மானியரையும் சேர்த்துக்கொண்டு, மண்வெட்டியோடு போனவர். 1934ல் பீகாரில் பூகம்பம் வந்தபோது அங்கேயும் வந்து உழைத்தவர். இன்னொருவர் நம் மதுரைக்கே வந்த அமெரிக்க மிஷனரி கெய்தான். கதர் உடுத்தி, காந்திஜியின் நண்பர் ரெஜினால்ட் ரெய்னால்ட்ஸைத் தம் வீட்டில் தங்க வைத்ததற்காக 1930ல் நாட்டை விட்டுப் போக நேர்ந்தது. திரும்பி வந்து காந்திகிராமப் பணியில் கலந்துகொண்டார். இரவில் லாந்தர் வெளிச்சத்தில் அண்ணன் இந்தக் கதைகளைச் சொல்லும்போது உடம்பு புல்லரிக்கும். காலையில் மம்மட்டியைத் தொட்டதும் புல்லரிப்பு அடங்கிவிடும்.

முதல் நாளே உள்ளங்கை கொப்புளித்தது. மண் கூடையைத் தூக்கத் தெரியாமல் நான் தள்ளாடியதைப் பார்த்து அந்த ஊர்ப் பாட்டி ஒருத்தி சிரித்தாள். "தம்பி, கூடையைப் பாத்து நடக்காதீக. கரையைப் பாத்து நடங்க" என்றாள். சும்மாடு கூட்டவும் அவள்தான் கற்றுக்கொடுத்தாள். மத்தியானம் கம்பங்கூழும் சின்ன வெங்காயமும். மாலையில் வேதபாடம். அதன் பிறகு பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் வரிசையாகப் பாய்.

என் பக்கத்துப் பாய்க்காரன் ஒரு முணுமுணுப்புக்காரன். கூழ் புளிக்கிறது என்பான். ஜெபம் நீளம் என்பான். வேதபாடத்தில், "மழையே பெய்யலேன்னா இதைத் தோண்டி என்னண்ணே பிரயோசனம்?" என்று கேட்டு எல்லோருடைய உற்சாகத்தையும் கெடுத்தான். ஆனால் அவன் கூடை மட்டும் என் கூடையைவிட நிறைந்திருக்கும்.

கடைசி இரவு ஊருணிக்குள்ளேயே தீ மூட்டி உட்கார்ந்தோம். நகரத்திலிருந்து ஒரு பிரசங்கியார் வந்திருந்தார். நல்ல குரல். பேச்சின் முடிவில் அந்தக் குரல் தாழ்ந்தது. "இந்த வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. அடுத்த கோடையிலும் வருவேன், என்னை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கிறேன் என்பவர்கள் எழுந்து நில்லுங்கள்!"

ஒருவன் எழுந்தான்; பிறகு மூன்று பேர்; பிறகு எல்லோரும். நான் தீர்மானிப்பதற்கு முன்பே என் முழங்கால்கள் தீர்மானித்துவிட்டன. கண்ணில் நீர் கூட வந்தது. பொய்க் கண்ணீர் என்று சொல்லமாட்டேன். அந்த நிமிஷத்துக்கு அது மெய்தான்.

அவன் மட்டும் உட்கார்ந்திருந்தான். இருபத்திரண்டு பையன்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பது மண் சுமப்பதைவிடக் கடினம் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

"ஏண்டா, உனக்கு விசுவாசமே கிடையாதா?" என்று பாயில் படுத்ததும் கேட்டேன்.

"அடுத்த வருஷம் வருவேனான்னு தெரியலடா. தெரியாம எப்படி எந்திரிக்கிறது?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அண்ணன் அவனை ஒன்றும் கேட்கவில்லை; அவன் கைப் புண்ணுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டார்.

அடுத்த மே மாதம் வந்தது. எனக்குத் தட்டெழுத்து வகுப்பு இருந்தது. அப்பாவும் வேண்டாம் என்றார். வேண்டாம் என்று அவர் சொன்னது எனக்கு வசதியாகவும் இருந்தது. ஜூனில் பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தேன். முகம் கறுத்து, பெருவிரலில் துணி சுற்றியிருந்தது. மொத்தம் ஐந்து பேர்தான் போனார்களாம்.

"நீ எந்திரிக்கவே இல்லையேடா!" என்றேன்.

"ஆமா. வேலை பாக்கி இருந்துச்சு. போனேன்." வேறொன்றும் சொல்லவில்லை. என்னை ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தால் கூடத் தேவலை.

தகப்பன் ஒருவன் தன் இரண்டு பிள்ளைகளைத் திராட்சைத் தோட்டத்துக்கு வேலைக்கு அனுப்பிய கதை சுவிசேஷத்தில் இருக்கிறது. மாட்டேன் என்றவன் பிறகு மனம் மாறிப் போனான். போகிறேன் ஐயா என்றவன் போகவில்லை. ஞாயிறு பள்ளியில் இந்தக் கதையை ஒப்பித்துப் பரிசு வாங்கியவன் நான். அதில் நான் எந்தப் பிள்ளை என்று பஸ் ஸ்டாண்டில்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த முகாமை இன்று நினைத்தால் வெயிலோ கொப்புளமோ பெரிதாகத் தோன்றவில்லை. அவை பத்து நாளில் ஆறிவிட்டன. இப்போதும் கோயிலில் யாராவது எழுந்து நிற்கச் சொன்னால் எழுந்திருக்கிறேன். முழங்கால் வலி காரணமாகக் கொஞ்சம் தாமதமாகிறது. அந்தத் தாமதத்துக்குள் பக்கத்துப் பாய்க்காரனின் கேள்வியை ஒரு தடவை கேட்டுப் பார்த்துக்கொள்கிறேன். சில ஞாயிறுகளில் உட்கார்ந்தே இருந்துவிடுகிறேன்.